முதல் தண்ணி

ஜிந்துப்பிட்டி,
04.02.2025

அக்கா,

உங்கட நம்பரை புளொக் பண்ணிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீங்கள் எத்தினை தரம் எடுத்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. ஒருக்காலும் எடுக்காமலும் இருந்திருப்பீங்கள். ஃபோனில கதைச்சால், வகுப்பில பிள்ளையளை மறிக்கிறமாதிரி என்னை மறிச்சுப்போடுவீங்கள். கடிதத்தில குறுக்க விழ ஏலாது. முழுக்க வாசிச்சுத்தான் ஆகோணும்.

நான் என்ன களவோ எடுக்க வந்தனான்? உங்கட பிளாட் கார் பார்க்கில மேசை போட்டு ரெண்டு கிளாஸ் வைச்சன். ஒண்டில உங்கட பைப் தண்ணி. மற்றதில எங்கட கம்பனியின்ர சுத்திகரிப்பு மெஷின் வடிச்ச தண்ணி. ரெண்டிலயும் இரும்புக் கம்பி விட்டுக் கரண்ட் குடுத்தன். பைப் தண்ணி மண்ணிறமாகி நுரைச்சுது, மெஷின் தண்ணி தெளிவா நிண்டுது. சனம் ‘ஐயோ’ எண்டுது. ஒன்பது வீட்டுக்காரர் மெஷின் வாங்க அந்த இடத்திலயே பெயர் எழுதிச்சினம்.

அப்ப நீங்கள் படியால இறங்கி வந்தனீங்கள், கையில உப்புப் போத்தலோட.

நான் உங்களைப் பாத்துச் சிரிச்சனான் அக்கா. என்ர ஆள் ஒராள் வந்திட்டா எண்டு நினைச்சு. நீங்கள் என்னைத் தெரியாத ஆள்மாதிரி விலத்திப்போட்டு, மெஷின் தண்ணிக்குள்ள ரெண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கிக் கம்பியைத் திருப்பி விட்டீங்கள். அதுகும் மண்ணிறமாகிச்சுது. “இது தண்ணியின்ர ஊத்தை இல்லை, கம்பியின்ர கறள், துரு. எங்கட தண்ணி நல்ல தண்ணி. கொதிக்க வைச்சுக் குடியுங்கோ, ஒரு மெஷினும் தேவையில்லை” எண்டு வகுப்பு எடுத்தீங்கள். முப்பது பேர் சிரிச்சினம். ஒன்பது பெயரும் வெட்டுப்பட்டுது.

என்னை மேல கூப்பிட்டுக் கதவைச் சாத்திப்போட்டு ஏசியிருக்கலாம். கேட்டிருப்பன். இது என்ர தம்பி எண்டு அந்தச் சனத்துக்கு ஒரு சொல்லாவது சொன்னனீங்களோ?

ஒண்டு கேக்கிறன். உங்கட தண்ணி நல்லது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

சுகிர்தன்

*

வெள்ளவத்தை,
11.02.2025

சுகிர்தன்,

உன்ர கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். மன்னிப்புக் கேக்கிறதுக்கு அதில ஒரு இடமும் காணேல்லை.

இருவத்தொரு வருசமா ஹெவ்லொக் டவுனில இரசாயனம் படிப்பிக்கிறன். நீ செய்து காட்டினதை பதினாறு வயசுப் பிள்ளையளுக்கு நான் செய்து காட்டிறனான், ஆனால் உண்மையைச் சொல்லிக் காட்டிறனான். பைப் தண்ணியில உப்புச் சத்து இருக்கு, அதால கரண்ட் ஓடும். கரண்ட் ஓடினால் இரும்பு கரையும். உன்ர மெஷின் அந்தச் சத்தை எடுத்துப்போடுது, அதால ஓடாது. அவ்வளவுதான் விசயம். உனக்கு இது தெரியாது எண்டால் நீ மொக்கன். தெரிஞ்சு செய்தால் வேற பெயர் இருக்கு. நீ மொக்கன் இல்லை எண்டு எனக்குத் தெரியும்.

மார்கழியில நீ என்னட்டை வந்து பக்கத்து வீட்டாக்களைச் சேர்த்துத் தா எண்டு கேட்டாய். மாட்டன் எண்டன். நீ என்ர முதுகுக்குப் பின்னால போய், கொமிட்டித் தலைவர் சிவபாதசுந்தரம் ஐயாவைப் பிடிச்சு, நான் இருக்கிற கட்டிடத்திலயே மேசை போட்டாய். அப்ப நான் உன்ர அக்கா எண்டது உனக்கு எங்க போனது? சனத்துக்கு முன்னால பொய் சொன்னால் சனத்துக்கு முன்னாலதான் பதில் வரும். கதவைச் சாத்திப்போட்டு உண்மை சொல்லிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆர் சொன்னது எண்டு கேட்டாய். லாப் சொன்னது. தையில என்ர குசினிப் பைப்பில தண்ணி எடுத்துக் குடுத்து சோதிச்சனான். கிருமி இல்லை. ஈயம் இல்லை. எல்லாம் அளவுக்குள்ள. ரிப்போர்ட் என்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்கு, வந்து பார்.

பயத்தை வித்துச் சாப்பிடாதை. இன்னொருக்கா இஞ்ச வந்து மேசை போட்டால் இன்னொருக்கா உப்போட வருவன்.

உஷாந்தி

*

ஜிந்துப்பிட்டி,
07.03.2025

அக்கா,

இதோட ஒரு ரிப்போர்ட்டின்ர கொப்பி வைச்சிருக்கிறன். முதல் அதை வாசியுங்கோ. பிறகு இதை.

உங்களைப் பிழை எண்டு காட்டத்தான் இதைச் செய்தனான், ஒளிக்கேல்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போன நாளொண்டில உங்கட கட்டிடத்துக்கு வந்தனான். கீழ்மாடியில இருக்கிற றோஸி, அண்டைக்குப் பெயர் எழுதின ஒன்பது பேரில முதல் ஆள், போத்தலை வாங்கிக்கொண்டா. விடிய எழும்பி, பைப்பைத் திறந்த உடன வாற தண்ணியை ஒரு போத்தலில பிடிக்கச் சொன்னன். ரெண்டு நிமிசம் ஓடவிட்டு இன்னொரு போத்தல். உங்கட மூண்டாம் மாடி நடைபாதைப் பைப்பில மூண்டாவது.

மூண்டாவது போத்தலில ஈயம் இல்லை. நீங்கள் சொன்னது சரி.

றோஸியின்ர முதல் தண்ணியில ஈயம் லீற்றருக்கு நாப்பத்தொண்டு மைக்ரோகிராம். பத்துக்கு மேல போகக்கூடாது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓடவிட்ட தண்ணியில ஆறு.

ஏன் எண்டும் விசாரிச்சனான். அந்த இடத்தில முந்தி வெள்ளைக்காரன் காலத்து வீடொண்டு இருந்ததாம். இடிச்சுப்போட்டு பிளாட் கட்டினவை றோட்டில இருந்து வாற பழைய நிலப் பைப்பை அப்பிடியே விட்டிட்டினம். கீழ்மாடி, முதலாம் மாடிக் குசினிகளுக்கு அதில இருந்து நேராத் தண்ணி. ராவு முழுக்கப் பைப்புக்குள்ள ஊறி நிக்கிற தண்ணிதான் விடிய முதல் வாறது. உங்களுக்கு மேல் தாங்கியில இருந்து, வேற புதுப் பைப்பில. நீங்கள் சோதிச்சது உங்கட பைப்பை. பேசினது பதினாறு வீட்டுக்கும்.

இந்தப் பேப்பரைக் கொண்டுவந்து உங்கட வாசலில நிண்டு வாசிக்கோணும் எண்டுதான் வெளிக்கிட்டனான். றோஸியின்ர வீட்டுக்கு முதல் போனன். அவவின்ர மகள் அஸ்காவுக்கு மூண்டு வயசு. விடிய அஞ்சு மணிக்கு முதல் தண்ணியைக் கேத்திலில பிடிச்சுத்தான் அந்தப் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறது. றோஸி என்னட்டைச் சொன்னா, “மிஸ் சொன்ன நாளில இருந்து கூட நேரம் கொதிக்க வைக்கிறன் அண்ணா” எண்டு.

கொதிச்சால் ஈயம் போகாது. தண்ணி வத்த வத்தக் கூடும். இதுகும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்கு வாசலில நிண்டு வாசிக்க மனம் வரேல்லை. அதுதான் தபாலில.

சுகிர்தன்

*

வெள்ளவத்தை,
14.03.2025

சுகி,

நான் பிழை.

இதை எழுதிப்போட்டு ஒரு மணித்தியாலம் பேனையை வைச்சிட்டு இருந்தனான். ‘ஆனால்’ எண்டு தொடங்கிற வசனம் பலதும் வந்தது. ஒண்டையும் எழுதேல்லை.

உன்ர கடிதம் வந்த அண்டைக்கே கீழ இறங்கிப்போய் றோஸியின்ர கதவைத் தட்டினன். முதல் தண்ணியை இனிக் குடிக்கக் குடுக்காதையும், பிள்ளைக்கு இரத்தம் சோதிக்கோணும் எண்டு சொன்னன். அவ கேத்திலைப் பாத்தா, என்னைப் பாத்தா.

“மிஸ், நான் அந்த மெஷினுக்குப் பெயர் குடுத்தனான். நீங்க சொன்னதாலதான் வெட்டினனான். அந்த மெஷின் இந்த ஈயத்தைப் பிடிச்சிருக்குமா?”

“ஓம். பிடிச்சிருக்கும்.”

“அப்ப அந்தப் பொய்க்காரன் சொன்னதைக் கேட்டிருந்தா என் பிள்ளைக்கு நல்லது. உங்க உண்மையைக் கேட்டதால இது.”

அடுத்தநாள் பிள்ளைக்கு இரத்தம் எடுக்க அவையோட நானும் போனன், சுகி.

இரத்த ரிப்போர்ட் நேற்று வந்தது. இரத்தத்தில ஈயம் பதினொண்டு. அஞ்சைத் தாண்டினாலே எங்கயிருந்து வருது எண்டு தேடி நிப்பாட்டோணும் எண்டு டொக்டர் சொன்னார். மருந்து தேவையில்லையாம். வாற வழியை மறிக்கோணும், இரும்புச் சத்து, பால், முட்டை எண்டு குடுக்கோணும், ரெண்டு மாதத்தால திருப்பிச் சோதிக்கோணும். வீட்டை வரும்வரைக்கும் பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தனான். றோஸி வேண்டாம் எண்டும் சொல்லேல்லை, தா எண்டும் கேக்கேல்லை.

உன்னட்டை ஒண்டு கேக்கிறன். கம்பனிக்காரனாப் பதில் எழுதாதை. இந்த வேலையில நாலு வருசம் நிண்டவனா எழுது. ஈயத்தை எந்த பில்டர் பிடிக்கும், எது பிடிக்காது? நான் புத்தகத்தில பாத்துச் சொல்லலாம். இந்தமுறை கையால தொட்டவனைக் கேட்டுத்தான் சொல்லப்போறன்.

கம்பி விசயத்தில நான் சொன்னது சொன்னதுதான். அதில மாற்றம் இல்லை.

அக்கா

*

ஜிந்துப்பிட்டி,
16.03.2025

அக்கா,

பதினொண்டு எண்டதை வாசிச்சிட்டு முருகன் கோயில் வீதியை ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டு வந்துதான் எழுதிறன்.

கேட்டதுக்குப் பதில். சுட்ட மண் வடிகட்டி வைச்ச பழைய பில்டர் ஈயத்தைப் பிடிக்காது. ஊத்தையையும் கொஞ்சம் கிருமியையும்தான் பிடிக்கும். நீல லைட் மெஷின் கிருமியைக் கொல்லும், ஈயத்துக்கு ஒண்டும் செய்யாது. நாங்கள் விக்கிற பெரிய மெஷின் பிடிக்கும். ஆனால் ஒரு லீற்றர் குடிக்கத் தர ரெண்டு மூண்டு லீற்றரைக் கழிவுக் கானுக்குள்ள ஊத்தும். உங்கட கட்டிடத்துக்கு அது தேவையில்லை. தண்ணியில வேற பிழை இல்லையே. குசினிப் பைப்போட பூட்டிற சின்ன பில்டர் இருக்கு, உள்ளுக்கு இறுக்கின கரிக்கட்டி. பெட்டியில ஈயத்துக்குச் சோதிச்சது எண்டு சான்று இலக்கத்தோட இருக்கோணும். வெறும் ‘நூறு வீதம் சுத்தம்’ எண்டு பூப் போட்டு அடிச்சிருந்தால் வாங்கவேண்டாம். சொன்ன மாதத்தில கட்டியை மாத்தோணும். மாத்தாட்டில் அது கரிதான், பில்டர் இல்லை. எங்கட கம்பனி அதை விக்கிறதில்லை. வேற கடையில எடுங்கோ.

அதுவரைக்கும் விடிய முதல் தண்ணியில பாத்திரம் கழுவட்டும், வீடு துடைக்கட்டும். ரெண்டு நிமிசம் ஓடவிட்டுக் குடிக்கப் பிடிக்கட்டும்.

ஆனால் அக்கா, பில்டர் எல்லாம் ஒத்தடம்தான். நோய் நிலத்துக்குள்ள கிடக்கு. அந்தப் பைப்பை வெட்டி எடுக்கோணும்.

இன்னொரு விசயம். லாப் ரிப்போர்ட்டை ஒஃபிஸில விட்டிருந்தன், எங்கட மனேஜர் றமேஷின்ர கையில சிக்கீட்டுது; றோஸியின்ர பிள்ளையின்ர கதையும் தெரிஞ்சுகொண்டார். வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். மேசையில நோட்டீஸ் ஒண்டு, மேல சிவப்பு எழுத்தில ‘வெள்ளவத்தைத் தண்ணியில் நஞ்சு’.

“சுகிர்தன், இது லொத்தர் விழுந்தமாதிரி. காலிக்குப் போற பெரிய வீதி முழுக்க ஒட்டுவம்.”

“வெள்ளவத்தை முழுக்க இல்லை, அண்ணை. ஒரு கட்டிடத்தில ஒரு பைப்.”

“ஆர் கேக்கப் போறான்? அந்தப் பிள்ளையின்ர படம் ஒண்டு எடுத்துத் தாரும். முகம் தெரியட்டும். தாயை நீர் அறிவீர்தானே?”

ரெண்டு இரும்புக் கம்பியையும் பையில இருந்து எடுத்து அந்த நோட்டீசுக்கு மேல வைச்சன். “படமும் இல்லை, நானும் இல்லை” எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

இது உங்களுக்காகச் செய்ததில்லை. அப்பிடி நினைச்சுச் சந்தோசப்படவேண்டாம்.

சுகி

*

வெள்ளவத்தை,
20.03.2025

சுகி,

சந்தோசப்படேல்லை. ஆனால் அண்டைக்கு ரெண்டு கோப்பை பிளேன்ரீ ஊத்தினன், உன்ரது ஆறிப்போச்சுது.

நீ சொன்ன பில்டர் றோஸியின்ர குசினியில பூட்டியாச்சு. அவவே கடைக்காரனிட்டைச் சான்று இலக்கத்தைக் கேட்டு, ரெண்டு பெட்டியைத் திருப்பிக் குடுத்து, மூண்டாவதை எடுத்தவ.

முந்தநாள் கொமிட்டிக் கூட்டம். அதே கார் பார்க், அதே கதிரைகள். எழும்பி நிண்டு சொன்னன்: “பெப்ரவரியில இந்த இடத்தில நிண்டு எங்கட தண்ணி நல்லது எண்டு சொன்னனான். என்ர வீட்டுப் பைப்பை மட்டும் சோதிச்சிட்டுச் சொன்னனான். அது பிழை. கீழ ரெண்டு மாடியிலயும் விடியத் தண்ணியில ஈயம் இருக்கு. கொதிக்க வைச்சால் போகாது. நிலப் பைப்பை மாத்தோணும்.” ஒருத்தரும் சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

சிவபாதசுந்தரம் ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். “மிஸ், போன மாதம் நல்லது எண்டீங்கள், இந்த மாதம் நஞ்சு எண்டுறீங்கள். அடுத்த மாதம் என்ன? ரெண்டு பிளாட் விலைக்கு நிக்குது. இந்தக் கதை வெளியில போனால் கட்டிடத்தின்ர பெயர் என்னாகும்? போன வருசம்தான் நிலத்துக்கு மாபிள் பதிச்சது. அதை உடைக்க நான் விடமாட்டன்.”

தண்ணிச் சபையில இருந்து ஒருவர் வந்து றோட்டுப் பைப்பில எடுத்துப் பாத்தவர். அது சுத்தம். மீற்றருக்கு உள்பக்கம் எங்கட பொறுப்பு எண்டு சிங்களத்தில ஆறுதலாச் சொல்லி, ஒரு தாளிலயும் எழுதித் தந்தார். நல்ல மனிசன். அந்தத் தாளையும் ஐயா வாசிக்கேல்லை.

அதால ரிப்போர்ட்டைப் பெருப்பிச்சு கேற்றில ஒட்டினன். ஐயா கிழிச்சார். பின்னேரம் திருப்பி ஒட்டினன். கிழிச்சார். பள்ளிக்கூட மெஷினில அம்பது கொப்பி அடிச்சு வைச்சிருக்கிறன், சுகி. அவருக்கு எழுவத்திநாலு வயசு. ஆர் முதல் களைக்கிறது எண்டு பாப்பம்.

இண்டைக்கு விடிய நான் இறங்கி வர, கேற்றில ஏற்கெனவே ஒண்டு ஒட்டியிருந்தது. என்ர கொப்பி இல்லை. கையால எழுதினது, எழுத்துப் பிழையோட. ‘இந்த பயிப் என் பிள்ளைக்கு வாணாம்.’ அதை ஐயா கிழிக்கேல்லை.

கீழ்மாடிக்காரரும் முதலாம் மாடியில ரெண்டு வீடும் திங்கட்கிழமை வெட்டிறது எண்டு முடிவு செய்திட்டினம். எனக்குச் சாதாரண தரப் பரீட்சை மேற்பார்வை, மண்டபத்தை விட்டு அசைய ஏலாது. நீ ஒராளைப் பிடிச்சுக்கொண்டு வருவியோ? ஓம், இல்லை எண்டு எழுதவேண்டாம். வந்தால் காணும்.

அக்கா

*

ஜிந்துப்பிட்டி,
24.03.2025, பின்னேரம்

அக்கா,

நீங்கள் பரீட்சை மண்டபத்தில நிக்கேக்க என்ன நடந்தது எண்டு ஆளுக்கொரு மாதிரிச் சொல்லுவினம். நான் கண்டதை எழுதிறன்.

கொச்சிக்கடை ரொனி பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தனான். முப்பது வருசமாப் பைப் வேலை செய்யிற மனிசன், சிங்களமும் தமிழும் கலந்துதான் வரும். கேற்றைத் திறந்தால், சரியா அந்தப் பைப் போற கோட்டுக்கு மேல, மாபிளில, சிவபாதசுந்தரம் ஐயா பிளாஸ்டிக் கதிரை போட்டு இருக்கிறார். வேட்டி, ஷேர்ட், மடியில பேப்பர்.

“ஐயா, கொஞ்சம் எழும்புங்கோ.”

“இருக்கிறன் தம்பி. சாப்பாடும் இஞ்சதான் வரும்.”

ரொனி பாஸ் அவரைப் பாத்தார், என்னைப் பாத்தார். “ப்ரஷ்ணயக் நே, மல்லி. பிரச்சினை இல்லை, தம்பி, அவர் இருக்கட்டும்.” எண்டுபோட்டு கதிரைக்கு இந்தப் பக்கம் மூண்டடி தள்ளி வெட்டத் தொடங்கினார். பிறகு அந்தப் பக்கம். றோஸி மண்ணை வாளியில அள்ளினா. முதலாம் மாடிப் பொடியங்கள் ரெண்டுபேர், ஒரு பாங்க் மனேஜர், எல்லாரும் சரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு இறங்கிச்சினம். பத்து மணிக்கு ரெண்டு பக்கமும் குழி, நடுவில தீவுமாதிரி ஐயா. பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருந்தார் எண்டு நினைக்கிறன்.

பதினொரு மணிபோல பைப் தெரிஞ்சுது. சாம்பல் நிறம், பார்க்க ஒண்டும் இல்லை. ரொனி பாஸ் கத்தியால சுரண்டினார். வெள்ளிமாதிரிப் பளிச்செண்டு மினுங்கிச்சுது. கையால அழுத்த வளைஞ்சுது.

“ஈயம்தான். சுத்த ஈயம்.”

எல்லாரும் குனிஞ்சு பாத்தினம். ஐயாவும் கதிரையில இருந்து எட்டிப் பாத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மெல்லக் கேட்டார்.

“தம்பி, எங்கட குசினிக்கும் இதிலயிருந்துதானோ வருது?”

“நீங்கள் முதலாம் மாடிதானே ஐயா. ஓம்.”

“முப்பத்தொரு வருசம்” எண்டார். எழும்பி, கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அந்த நடு மாபிளை ரொனி பாஸ் பிறகுதான் உடைச்சவர்.

புதுப் பைப் நாலு மணிக்குப் பூட்டியாச்சு. நாளைக்குக் கழுவி விடுவினம்.

றோஸி எல்லாருக்கும் பிளேன்ரீ தந்தா. எனக்குத் தரேக்க “அண்ணா, நீங்க அண்டைக்குக் காட்டினது பொய்தானே?” எண்டு கேட்டா. “ஓம், பொய்” எண்டன். கேட்ட உடன சொல்லிப்போட்டன் அக்கா.

சுகி

*

வெள்ளவத்தை,
16.05.2025

தம்பி,

என்ர நம்பரில இருந்த புளொக்கை எடுத்திட்டாய் எண்டு தெரியும். போன கிழமை எடுத்தாய், தண்ணி, பைப், பில்டர் எண்டு கதைச்சம், வைச்சம். நான் சொல்லவேண்டியது அதில வரேல்லை. குரலில எனக்கு வராது. அதால எழுதிறன்.

அண்டைக்கு உப்போட இறங்கி வந்தது சரி. உன்னைத் தம்பி எண்டு சொல்லாமல் விட்டது பிழை. உன்ர பொய்யைப் பிடிச்ச சந்தோசத்தில, உனக்குத் தெரிஞ்ச எல்லாமே பொய் எண்டு நினைச்சுப்போட்டன். அந்தச் சந்தோசத்துக்கு விலை குடுத்தது நான் இல்லை, அஸ்கா.

நேற்று இரண்டாம் தரம் இரத்தம் சோதிச்ச ரிப்போர்ட் வந்தது. ஏழு. இறங்குது. இன்னும் இறங்கோணும் எண்டார் டொக்டர். றோஸி ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என்ர கையில தந்தா. சிரிக்கேல்லை. இனியும் சிரிக்காமல் விடலாம், அது அவவின்ர உரிமை. ஆனால் எனக்குக் காட்டத்தான் மூண்டு மாடி ஏறி வந்தவ.

கொமிட்டியில இருந்து எனக்கொரு நோட்டீஸ் வந்திருக்கு. அனுமதியில்லாமல் பொது நிலத்தை உடைச்சதுக்கு விளக்கம் கேட்டு, சிவபாதசுந்தரம் ஐயா கையெழுத்து வைச்சு. கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். ஒரு கையில நோட்டீஸ், மற்றக் கையில போத்தல். “விடிய எங்கட குசினியில பிடிச்சது, மிஸ். புதுப் பைப் எண்டாலும் ஒருக்காப் பாக்கிறது நல்லம்” எண்டார். போத்தலை லாப்புக்கு அனுப்பியிருக்கிறன். நோட்டீசுக்கு ஒரு வரியில பதில் எழுதினன்: ‘உடைச்சது உண்மை, தேவை வந்தால் இன்னொருக்காவும் உடைப்பம்.’ பதினொரு வீட்டுக்காரர் கீழ கையெழுத்து வைச்சிருக்கினம். ஐயாவின்ர மனிசியும்.

இப்ப கதை ஒழுங்கை முழுக்கப் போட்டுது. இஞ்ச பழைய வீடு இடிச்சுக் கட்டின பிளாட் இன்னும் ஒன்பது இருக்கு. ஒருத்தருக்கும் தங்கட நிலத்துக்குள்ள என்ன கிடக்கு எண்டு தெரியாது. ரெண்டு கொமிட்டித் தலைவர்மார் ஏற்கெனவே என்னைக் கூப்பிட்டு, தங்கட கேற்றுக்குள்ள வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். நல்லது. வரக்கூடாத இடம் எது எண்டு தெரிஞ்சால் எங்க தொடங்கிறது எண்டும் தெரியும்.

நான் படிப்பிக்கிறனான், வீடு வீடாய்ப் போய்க் கதவு தட்டி மனிசரோட கதைக்க எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். இந்தமுறை விக்க ஒண்டும் இல்லை, கம்பியும் இல்லை. போத்தலும் உண்மையும்தான். ஆர் எண்டு கேட்டால், மூண்டாம் மாடி இரசாயன மிஸ்ஸின்ர தம்பி எண்டு சொல்லு. நானும் அப்பிடித்தான் சொல்லுவன்.

அடுத்த சனிக்கிழமை விடிய நாலரைக்கு வா. ஒருத்தரும் பைப்பைத் திறக்க முதல் நாங்கள் வாசலில நிக்கோணும்.

அக்கா